இரண்டாம் சூளையின் வில்லைகள்

அந்த டெஸ்ட் ரூமில் எனக்கு முன்னால் இருந்த பெண் நான்கே மாதத்தில் வேலையை விட்டு ஓடிவிட்டாள் என்று நான் சேர்ந்த அன்றே சொன்னார்கள். உள்ளே பேய் இருக்கிறது என்றாளாம். நானும் போய்ப் பார்த்தேன். ஒரு மேசை, ஒரு நாற்காலி, அளவு காட்டும் மீட்டர் இரண்டு, எந்நேரமும் முனகிக்கொண்டிருக்கும் ஏர்கண்டிஷன், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். பேய் இருந்திருந்தால் பேச்சுத் துணைக்காவது ஆகியிருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வேலை செய்தார்கள். அவர்கள் சிரிப்பது தெரியும், எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது கேட்காது. என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று முதல் மாதம் முழுக்கச் சந்தேகப்பட்டேன். பிறகு அதுவும் அலுத்துவிட்டது.

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில் ஈப்போ நகரின் விளிம்பில், ரேடியோவுக்கும் டெலிவிஷனுக்கும் கண்டென்சர் செய்யும் தொழிற்சாலை அது. எனக்கு முப்பத்தொரு வயது. தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா போன பிறகு அப்பா தெலுக் இந்தானில் அண்ணன் வீட்டோடு போய்ச் சேர்ந்தார். அண்ணியும் நானும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் அந்தக் கூரை நிற்காது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அண்ணிக்கு என்னைவிட நீளம். அதனால் குனோங் ராபாட்டில் ஒரு சீனக் குடும்பத்தின் வீட்டில் பின்னறை எடுத்துக்கொண்டேன். ஜன்னலைத் திறந்தால் சுண்ணாம்புக் குன்று முகத்தில் இடிக்கிற மாதிரி நிற்கும். வீட்டுக்காரம்மாவுக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவருடையது தெரியாது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்து நிறையச் சிரித்தோம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போனால், பூசை முடிந்ததும் ஆளாளுக்கு வந்து கல்யாணம் எப்போது என்று கேட்பார்கள். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, கடைசிப் பாட்டுக்கு முன்பே நழுவிவிடப் பழகிக்கொண்டேன். திங்கட்கிழமை காலை வேலைக்குப் போய் யாருக்காவது பதில் சொல்லும்போதுதான், வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து நான் யாரிடமும் பேசவில்லை என்பது தெரியும். தொண்டை கட்டியிருக்கும்.

வேலை இதுதான். சூளையில் சுட்ட பீங்கான் வில்லைகள் தட்டில் வரும். ஒவ்வொன்றும் சட்டைப் பித்தான் அளவு, இரண்டு பக்கமும் வெள்ளிப் பூச்சு. பத்து வில்லைகளைக் கவ்விப் பிடிக்கும் ஒரு சட்டத்தில் அவற்றை வைத்து, மூடியைச் சாத்தி, சுவிட்சைத் தட்டி உயர்ந்த வோல்ட்டேஜ் கொடுக்க வேண்டும். மனதுக்குள் ஐந்து எண்ண வேண்டும். வெடிக்காமல் தாங்கினால் சுவிட்சை அணைத்து, உடனே ஒவ்வொன்றும் எவ்வளவு மின்சாரம் பிடித்து வைக்கும் என்று மீட்டரில் அளந்து எழுத வேண்டும். அந்த வருடம் ஒரு புதுச் சரக்கு வந்திருந்தது. ஈயம் கலந்த தூளில் செய்தது. பழைய வில்லையைவிடப் பல மடங்கு பிடிக்கும், ஆனால் மகா ரோஷக்காரச் சரக்கு. அறை கொஞ்சம் சூடானாலும் குளிர்ந்தாலும் அளவு மாறிவிடும். அதற்காகத்தான் அந்த ஏர்கண்டிஷன். விரலால் தொடவே கூடாது, இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். விரல் சூடே அதற்கு ஆகாது.

சூளைகள் இரண்டு. முதல் சூளையின் தட்டை ஒரு சீனப் பெண் கொண்டுவருவாள். கதவைக் காலால் தள்ளி, தட்டை மேசையில் வைத்து, வந்த வேகத்தில் போய்விடுவாள். இரண்டாம் சூளையைப் பார்த்துக்கொண்டவர் நம் ஆள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் கூடத்தில் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இங்கே வந்தவர். நான் அவரை அண்ணே என்றேன், அவர் என்னைத் தங்கச்சி என்றார். அப்படிக் கூப்பிட்டுக்கொண்டால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

காலை பத்து மணிக்கு அவர் தட்டோடு வருவார். பெரும்பாலும் அதற்கு முன் வந்த தட்டிலிருந்து பத்து வில்லைகள் சட்டத்தில் இருக்கும். அதை முடித்து எடுத்துவிட்டு, அவர் கொண்டுவந்ததில் முதல் பத்தை அவர் கண்ணெதிரே வைப்பேன். எப்படி வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் போவார். சுவிட்சைத் தட்டுவேன். வீட்டுக்கு ஒருவர் வந்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு முகம் பார்த்து நாலு வார்த்தை பேசுவதுதான் எங்கள் தோட்டத்து லயவீடுகளில் வழக்கம். வந்தவர் நிற்க, நாம் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை பார்த்தால் அது அவமானப்படுத்துவது. அதனால் சுவிட்சைத் தட்டிவிட்டு அவர் பக்கம் திரும்பிவிடுவேன்.

"சாப்பிட்டாச்சா அண்ணே?"

"ஆச்சு தங்கச்சி. கேண்டீன் நாசி லெமாக், இன்னிக்கு சம்பல் சரியான காரம் லா. நீங்க?"

அவ்வளவுதான். அங்கே தொடங்கி எங்கெங்கோ போகும். அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இன்னும் தாப்பா பக்கத்துத் தோட்டத்து லயத்தில்தான் இருந்தார்கள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கிறார்கள், லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவர்களை ஈப்போவுக்கு அழைத்துவர வேண்டும், மகளுக்குப் பள்ளிக்கூடம் பார்க்க வேண்டும். இதையெல்லாம் சொல்வார். நான் அண்ணியைப் பற்றிச் சொல்வேன், அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். நான் சொன்னதற்குச் சிரிக்க உலகத்தில் ஒரு ஆள் இருந்தார். பிறகு அவர், "சரி, வாரேன்" என்று கிளம்புவார். நான் திரும்பி சுவிட்சை அணைத்து அளவெடுப்பேன்.

காதலா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். அப்போது யாராவது கேட்டிருந்தால் கன்னத்தில் அறைந்திருப்பேன். ஆனால் காலை ஒன்பதரைக்கே மணி பார்க்கத் தொடங்கிவிடுவேன். அவர் வராத நாளில் மதியச் சோறு இறங்காது. இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அப்புறம்தான் வந்தது வினை. புதுச் சரக்கை இரண்டாம் சூளையிலும் சுடத் தொடங்கியதும், அங்கிருந்து வந்த ஒவ்வொரு தட்டிலும் முதல் பத்து வில்லைகள் அளவு குறைவாக வந்தன. கொஞ்சம்தான், ஆனால் எல்லைக்குக் கீழே. முதல் பத்து போனால் தட்டு முழுவதையும் தள்ளிவை என்பது விதி. அதே தூள், அதே வெள்ளி, முதல் சூளையில் சுட்டால் நன்றாக வருகிறது. சூப்பர்வைசர் முதலில் கேட்டது சூளைக்காரரைத்தான். ஈயம் கலந்த சரக்கைச் சுடும்போது மூடியைச் சரியாக அடைக்காவிட்டால் ஈயம் ஆவியாகப் பறந்துவிடும், அளவு குறையும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற வேலை என்று நினைத்துக்கொண்டாயா என்று சூப்பர்வைசர் மலாயில் கத்தினார். கண்ணாடி வழியாக அவர் வாய் அசைவதைத்தான் பார்த்தேன். என்ன சொன்னார் என்பதைச் சூளைக்கார அண்ணனே வந்து சொன்னார். சொல்லும்போது சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"மூடிய நாலு தடவ பாத்துட்டேன் தங்கச்சி. சந்துல களிமண்ணு வச்சுப் பூசிட்டேன். எங்க தப்புன்னே தெரியலை. நீங்கதான் அளந்து பாக்குறீங்க, உங்களுக்கு ஏதாச்சும் தோணுதா?"

"மீட்டர் பொய் சொல்லாது அண்ணே" என்றேன்.

என் அறையைப் பற்றி எனக்கு அவ்வளவு திமிர். அவர் தலையாட்டிவிட்டு, நானே அவர் மேல் பழி போட்டதாக எடுத்துக்கொள்ளாமல், போய்விட்டார். அந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் இன்றும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

மூன்று தட்டுகள் போனதும் அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை மேனேஜர் முன்னால் விசாரணை. வேலை போனால் அவருக்கு ஈப்போவும் இல்லை, தோட்டமும் இல்லை.

தள்ளிவைத்த தட்டுகளை விசாரணைக்காக மறுபடி அளந்து பட்டியல் போடச் சொன்னார்கள். ஒரு மதியம் உட்கார்ந்து அளந்தேன். முதல் வில்லை நன்றாக இருந்தது. இரண்டாவதும். மூன்று தட்டுகளிலும் அன்று தவறிய முதல் பத்து, ஆக முப்பது வில்லைகளும் எல்லைக்குள்ளேயே இருந்தன. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுபடி அளந்தேன், அதே அளவுதான். வோல்ட்டேஜ் கொடுக்காமல் சும்மா அளந்தால் நல்ல வில்லை, வோல்ட்டேஜ் கொடுத்து அளந்தால் மட்டும் கெட்ட வில்லையா? ஒரு வில்லைக்கு வோல்ட்டேஜ் கொடுத்து, ஐந்து எண்ணி, அணைத்து, அளந்தேன். அப்போதும் நல்ல வில்லைதான்.

அலமாரியில் அடுப்பின் சூட்டைப் பார்க்கிற கம்பி ஒன்று இருந்தது. மயிரிழை மாதிரி மெல்லிய கம்பி, மறுமுனையில் முள் ஆடும் ஒரு பெட்டி. இந்தச் சரக்குக்குச் சூடும் குளிரும் ஆகாது என்பதுதான் தெரியுமே, வில்லை சூடாகிறதா என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது. வில்லையில் வோல்ட்டேஜ் ஏறாத பக்கத்து வெள்ளிப் பூச்சில் கம்பியை ஒரு பொட்டு கிரீஸ் வைத்து ஒட்டினேன். சுவிட்சைத் தட்டினேன். முள் சட்டென்று ஏறியது. ஒரு டிகிரிகூட இல்லை, ஆனால் கண்ணுக்குத் தெரிந்தது. ஐந்து எண்ணி அணைத்தேன். ஏறிய முள் பழைய இடத்துக்கே இறங்கி நின்றது.

இன்னொரு தடவை தட்டினேன். இந்தத் தடவை அணைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏறிய முள் மெல்ல மெல்ல இறங்கிப் பழைய இடத்துக்கு வந்தது. வில்லை தன் சூட்டை அந்த அறைக்குக் கொடுத்துவிட்டு ஆறிவிட்டது. அப்போது சுவிட்சை அணைத்தேன். முள் பழைய இடத்தையும் தாண்டிக் கீழே போனது. யாரும் குளிரூட்டவில்லை, தானாகவே குளிர்ந்தது. உடனே அளந்தேன். அளவு எல்லைக்குக் கீழே இருந்தது.

ஒரு நிமிடம் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஒரு கல், ஒரு சுவிட்ச், நெருப்பும் ஐஸும் இல்லாமல் சூடும் குளிரும். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று எழுந்து கதவு வரைக்கும் போனேன். யாரிடம் சொல்வது? சொல்லத் தோன்றிய ஒரே ஆள் அவர்தான். அப்போதுதான் மற்றது உறைத்தது. சீனப் பெண் கொண்டுவரும் தட்டுக்கு நான் ஐந்து எண்ணுகிறேன். இவர் வந்தால் எண்ணுவதில்லை, பேசுகிறேன். வில்லை ஆறுகிற வரைக்கும் பேசுகிறேன். சூளையில் ஒரு குறையும் இல்லை. குறை என்னிடம்தான் இருந்தது.

உடனே போய்ச் சொன்னேனா என்றால், இல்லை. மறுபடி அளந்த பட்டியலையும் திங்கட்கிழமை விசாரணையிலேயே தருகிறேன் என்று தள்ளிப்போட்டேன். என்னவென்று சொல்வது? கல்யாணமாகாத பெண், கல்யாணமான ஆளோடு பேசிக்கொண்டு வேலையைக் கோட்டைவிட்டாள் என்று நானே என் வாயால் சொல்ல வேண்டும். அந்த நாற்பது பெண்களில் பன்னிரண்டு பேர் தமிழ்ப் பெண்கள். மாலை பஸ் தாமான் குடியிருப்புகள் எல்லாம் சுற்றி வருவதற்குள் கதைக்குக் கை கால் முளைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசிப் பெஞ்சுகூட எனக்கு மிஞ்சாது. அதனால் கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்தேன். மறுநாளிலிருந்து அவர் வந்ததும் பேசாமல் முதுகைத் திருப்பி, ஐந்து எண்ணி, அணைத்து, அளந்துவிட்டுப் பிறகு பேசினேன். தட்டுகள் நன்றாக வந்தன. விஷயம் தானாக அமுங்கிவிடும் என்று நினைத்தேன்.

அது அவர் கழுத்துக்கே கத்தியாக வந்தது. வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் என் அறைக்கு வந்து தினசரி அளவுப் பட்டியலைப் புரட்டிவிட்டு முகமெல்லாம் மலர்ந்தார். பார்த்தாயா, கடிதம் கொடுத்ததும் சரக்கு ஒழுங்காக வருகிறது, இத்தனை நாளும் இவன் வேண்டுமென்றே அசட்டையாக இருந்திருக்கிறான், இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்றார். பட்டியலின் அடியில் என் கையெழுத்து இருந்தது.

சனியும் ஞாயிறும் பின்னறையை விட்டு வெளியே வரவில்லை. வீட்டுக்காரம்மா ஒரு கிண்ணம் கஞ்சியைக் கதவருகே வைத்துவிட்டுப் போனார். யாரிடமாவது யோசனை கேட்கலாம் என்றால் ஒரு பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. அந்த இரண்டு நாட்களைப் போல நான் என்றும் தனியாக இருந்ததில்லை. பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வெட்கத்தைவிட்டுச் சொன்னால், சொன்ன பிறகு அவர் என் அறைக்கு வரமாட்டார் என்ற கவலை. ஒரு குடும்பம் தெருவுக்கு வரப்போகிறது, நான் காலை பத்து மணியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை மேனேஜர் அறையில் ஐந்து பேர். மேனேஜர், சூப்பர்வைசர், பினாங்கிலிருந்து வந்திருந்த இஞ்சினியர், அண்ணன், நான். அண்ணன் தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். பட்டியலைப் படிக்கச் சொன்னார்கள். படிப்பதற்குப் பதிலாக, சட்டத்தையும் மீட்டரையும் கம்பியையும் இங்கே கொண்டுவர அனுமதி வேண்டும் என்றேன். கொண்டுவந்து மேசைமேல் வைத்து எல்லாவற்றையும் செய்து காட்டினேன். ஐந்து எண்ணி ஒரு தடவை, ஆறவிட்டு ஒரு தடவை.

இஞ்சினியர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முள்ளின் மேல் குனிந்துவிட்டார். இது தெரிந்த விஷயம்தான், புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் கண்ணால் பார்ப்பது இப்போதுதான் என்றார். வில்லைக்குள் சின்னச் சின்னக் கூட்டங்கள் ஆளுக்கொரு திசை பார்த்துக்கொண்டிருக்கின்றன, வோல்ட்டேஜ் கொடுத்தால் எல்லாம் ஒரே திசைக்குத் திரும்புகின்றன, அப்போது சூடு வெளியே வருகிறது, விட்டால் மறுபடி கலைகின்றன, கலைவதற்குச் சூடு வேண்டும், அதை வில்லையிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன என்று விளக்கினார். எனக்கு விடியற்காலையில் ஆள் எண்ண வரிசையில் நிற்கவைக்கும் தோட்டத்துப் பெரட்டுதான் ஞாபகம் வந்தது. வரிசையில் நிற்கும்போது இருக்கிற புழுக்கம் கலைந்து போகும்போது இருக்காது.

பிறகு அவர் நிமிர்ந்து அந்தக் கேள்வியைக் கேட்டார். இரண்டாம் சூளையின் தட்டுக்கு மட்டும் ஏன் அவ்வளவு நேரம் அணைக்காமல் வைத்தீர்கள்?

நான் இங்கிலீஷில் பதில் சொன்னேன். அந்த மொழியில் சொன்னால் வெட்கம் கொஞ்சம் குறைவாக இருக்கும் என்று நினைத்தேன். குறையவில்லை. "அந்தத் தட்டைக் கொண்டுவருகிறவரோடு பேசிக்கொண்டிருந்தேன்."

"ஒவ்வொரு நாளுமா?"

"ஒவ்வொரு நாளும்."

சூப்பர்வைசர் பல்லைக் காட்டிக்கொண்டு, எவ்வளவு நேரம் பேசுவீர்கள் என்று மலாயில் கேட்டார்.

"வில்லை ஆறுகிற நேரம்" என்றேன்.

அவர் சிரித்தார். மேனேஜர் பேனாவைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது சிவந்திருந்தது. கடிதத்தைக் கிழித்துப் போட்டார்கள். எனக்கும் ஒரு கடிதம் கொடுப்பார்கள் என்று காத்திருந்தேன், கொடுக்கவில்லை. தப்பு ஆளுடையது அல்ல, முறையுடையது என்றார் இஞ்சினியர். ஐந்து விநாடியில் தானாக அணையும் சுவிட்ச் போடச் சொன்னார். டெஸ்ட் ரூமுக்குள் இனி வேறு யாரும் நுழையக் கூடாது, தட்டு உள்ளே வர சுவரில் ஒரு துவாரம் வெட்டுங்கள் என்றும் சொன்னார். நல்ல மனிதர். என் வேலையை எனக்குச் சுலபமாக்கிக் கொடுத்துவிட்டதாக நினைத்தார்.

வெளியே வராந்தாவில் அண்ணன் எனக்காக நின்றார்.

"தங்கச்சி, நீங்க செஞ்சத நான் மறக்க மாட்டேன். ஆனா இனிமே நாம நின்னு பேச வேணாம். அடுத்த மாசம் வூட்டுக்காரி, புள்ளைங்க எல்லாம் இங்க வாராங்க. இங்க உள்ளவங்க வாயிதான் தெரியுமே லா, அவ காதுக்குப் போனா சூசா, வூட்டுல நிம்மதி இருக்காது."

"சரி அண்ணே."

"கோவமா?"

"இல்லண்ணே. போங்க, சூளைய யாரு பாக்குறது?"

கோபம்தான். யார் மேல் என்று தெரியாத கோபம். அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை என்பதுதான் அதிகக் கோபத்தைக் கிளப்பியது. பஸ்ஸில் ஒருத்தி, "என்னக்கா, வில்லை ஆறிப் போச்சா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மாதம் கேட்டார்கள், பிறகு வேறு கதை கிடைத்துவிட்டது.

துவாரத்தை மேசை உயரத்துக்கு வெட்டினார்கள். பத்து மணிக்குத் தட்டு உள்ளே வரும். தட்டைத் தள்ளுகிற கை மட்டும் தெரியும், மணிக்கட்டு வரைக்கும். சில நாள் அந்தக் கை தட்டை வைத்துவிட்டு ஒரு கணம் நிற்கும். நானும் ஏதாவது சொல்லலாமா என்று நினைப்பேன். அதற்குள் போய்விடும். அவர் மனைவியை ஒரு தீபாவளிச் சமயத்தில் மார்க்கெட்டில் பார்த்தேன். மகள் பள்ளிச் சீருடையில் இருந்தாள். அண்ணன் என்னைக் காட்டி, "நம்ம கம்பெனிதான்" என்று மட்டும் சொன்னார். அந்தம்மா நல்ல மாதிரியாகச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு மதியம், கேண்டீனில் எல்லோரையும் கூட்டி வைத்து எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். டெஸ்ட் ரூமிலிருந்து இத்தனை வருடத்தில் ஒரு தப்பான அளவுகூட வரவில்லை என்று புது மேனேஜர் பாராட்டினார். எப்படி முடிந்தது, உங்கள் ரகசியம் என்ன என்று மைக்கை என் வாயருகே நீட்டினார். என் அறைக்கு யாரும் வருவதில்லை என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணன் மட்டும் தட்டவில்லை.